ஓடையின் இந்தப் பக்கம்

செப்டம்பர் 1, திங்கள்

உலகத்தின் இந்தத் தென்பாதியில் காலண்டர்படி இன்று வசந்தம் ஆரம்பம். வெளியே இன்னும் பல் கிட்டுகிறது. தெல்மா காலையிலேயே என் மேசைக்கு வந்து, இந்த வருட வசந்தத் தாளையும் நானே எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். சுற்றுலாத் தகவல் மையத்தில் அவள் எனக்கு மேலதிகாரி, ஆனால் எதையும் கெஞ்சலாகத்தான் கேட்பாள். கொஞ்ச நாளாக அந்தக் கெஞ்சல் கூடியிருக்கிறது. வேண்டுமானால் ஃபிரேயாவை எழுதச் சொல்லட்டுமா என்றாள். ஃபிரேயா போன வருடம் வந்த பெண், அவளுக்கு எந்த ஓடை எங்கே ஓடுகிறது என்றே தெரியாது. நானே எழுதுகிறேன் என்றேன்.

எழுதினேன். வசந்தத்தில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் என்னென்ன செய்யலாம்? அக்டோபர் நீள்விடுமுறை வரை காலையில் ஸ்கீ பலகையில் சறுக்கலாம், பத்து மணிக்கு மேல் பனி கூழாகிவிடும். கடைசி ஞாயிறு குட்டை தாண்டல்: மாறுவேடம் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி, பனிக்கு நடுவே வெட்டிய தண்ணீர்க் குட்டையை ஸ்கீயோடு தாண்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் விழுவார்கள், கூட்டம் வருவதே அதற்குத்தான். நாற்காலி லிஃப்டில் மேலே போய்க் காப்பி குடிக்கலாம். ட்ரவுட் மீன் பிடிக்கலாம். பனி உருகும் ஓரத்தில் பூ பார்க்க நடக்கலாம். அப்புறம் நாக்குப் போட்டி. கடைத்தெருவில் நின்று பார்த்தால் எதிர்மலையில் நாக்கு மாதிரி தொங்குகிறதே நீளமான பனித்திட்டு, அது எந்தத் தேதியில் இரண்டாக அறும் என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஜெயித்தவருக்கு அடுத்த சீசன் முழுக்க லிஃப்ட் இலவசம்.

என் கணவன் கிளெம் போய் ஐம்பத்தோரு நாள். போய் என்று எழுதிவிட்டேன். வேறென்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

போலீஸ் சார்ஜென்ட் டகன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், ஒருமுறையாவது. ஜூலை 11, வெள்ளி, ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை. கிளெம் பனி சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறவன். இங்கே சீசன் முடிந்ததும் ஊரில் பாதிப் பேர் கனடாவுக்கோ ஜப்பானுக்கோ அடுத்த குளிர்காலத்தைத் தேடிப் போய்விடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவனும் அப்படிப் போனவன்தான். பதினாறு வருடமாகப் போகவில்லை. கனடாவில் வேலை வந்திருக்கிறது, ஐந்து மாதம், போகட்டுமா என்று கேட்டான். கேட்டானா, சொன்னானா? எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. நான் பதிலுக்குச் சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "போறதுன்னா போ. திரும்பி மட்டும் வராதே."

சனிக்கிழமை காலை ஸ்கீயை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். பிளேக்ஸ் ஓடையைத் தாண்டி ஹாரோ குடில் வரைக்கும் போனது உறுதி. வருகிறவர்கள் பேரும் வழியும் எழுதிவைக்கும் குடில் புத்தகத்தில் எழுதியிருக்கிறான்: மேற்கு முகடு தாண்டி விக்டோரியா பக்கம். மத்தியானம் மேகம் இறங்கியது. அதற்குப் பிறகு ஐந்து நாள் புயல். நான் திங்கள் காலையில்தான் போலீசுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில், அவனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு, அங்கே உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டு பீர் குடிப்பான் என்று நினைத்தேன். புத்தகத்தில் மேற்கு என்று இருந்ததால் ஆட்களும் நாயும் ஹெலிகாப்டரும் மேற்கேயே தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு லாரி டிரைவர் கிடைத்தார். ஜூலை 13 அன்று அந்தப் பக்கச் சாலையில் தாடி வைத்த ஒரு ஆள், தோளில் ஸ்கீயோடு, வண்டிக்குக் கை காட்டினாராம். ஜூலையில் இந்த மலையில் தாடியும் ஸ்கீயும் இல்லாத ஆண்பிள்ளை யார்? இதை டகனிடம் கேட்டேன். வங்கிப் பணத்தில் அவன் கை வைக்கவில்லையே என்றும் கேட்டேன். சில பேர் வருடக்கணக்கில் வைப்பதில்லை என்றார். கடைசியில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போகணும்னு முடிவு பண்ணிட்டவங்கள நாங்க தேட முடியாதும்மா. போறது ஒண்ணும் குத்தமும் இல்ல."

ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொட்டிக்கடையில் மூன்று வாரமாக என் கண்ணைப் பார்க்காமல் சில்லறை கொடுக்கிறார்களே, அது துக்கம் விசாரிக்கத் தெரியாத கூச்சம் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இங்கே இன்று தந்தையர் தினம். கிளெமின் அப்பா வால்டர் வீட்டுக்கு ஆட்டுத்தொடை வாட்டி எடுத்துக்கொண்டு போனேன். எழுபத்தொன்பது வயது, தனிக்கட்டை, அணைக்கட்டுச் சுரங்கத்தில் வேலை பார்த்த உடம்பு. நான் அழுத முகத்தோடு போனேன். அவர் என்னவோ நன்றாகச் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றி, வானொலியில் கால்பந்து கேட்டுக்கொண்டு இருந்தார்.

அவருக்குச் சந்தேகமே இல்லை. பையன் கனடாவில் இருக்கிறான். கோபம் ஆறினால் எழுதுவான். இருபத்திரண்டு வயதில் அவரும் தன் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு நாடு விட்டு நாடு வந்தவராம், மூன்று வருடம் கடிதம் போடவில்லையாம். ரத்தம் அப்படி என்றார். கறியை வெட்டி என் தட்டில் வைத்துக்கொண்டே, "எங்கேயோ உயிரோட இருக்கான். அது போதும் எனக்கு" என்றார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "நீ என்னத்தம்மா சொன்ன அவன்கிட்ட? அவன் அப்படிக் கிளம்புற ஆளில்லையே." குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். நாக்கின் நடுவில் ஒரு பாறை தலை காட்டுகிறது.

செப்டம்பர் 13, சனி

நேற்று மாலை தொடங்கியது, இன்று காலைக்குள் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். ஊர் தலைகால் புரியாமல் ஆடுகிறது. செப்டம்பரில் இப்படி ஒரு கொட்டல் கிடைத்து ஆறு வருடம் ஆயிற்று. ஸ்கீ வாடகைக் கடைக்காரன் வழியில் போகிறவருக்கெல்லாம் சூப் கொடுக்கிறான். கான்பராவிலிருந்து கார் காராக வருகிறது. தெல்மா மணி அடித்தாள், நிஜமாகவே, கையில் ஒரு மாட்டு மணியை வைத்துக்கொண்டு.

நான் பின்னறைக்குப் போய்த் துண்டுப்பிரசுரக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஃபிரேயா வந்து கட்டிக்கொண்டாள். "அவர் இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாள். நல்ல பெண். நான் எதற்கு அழுதேன் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவாள்.

இங்கே எழுதிவிடுகிறேன், இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. பனி உருக வேண்டும். உருகி அடியில் கிளெம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் அவன் என்னை விட்டுப் போகவில்லை என்று ஆகும். கிடைக்காவிட்டால் உயிரோடு இருக்கிறான், நான் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ உயிரோடு இருக்கிறான். அவனுடைய அப்பா, பையன் உயிரோடு இருக்கட்டும் என்று சவரம் செய்துகொள்கிறார். பெண்டாட்டி நானோ, அவன் செத்திருக்கட்டும் என்று வெயிலுக்கு வேண்டுகிறேன். என்ன பிறவிடி நீ?

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்னும் கொட்டுகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

மாக்பைப் பறவைகள் கூடு கட்டிவிட்டன. சைக்கிளில் வந்த ஒரு அப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் அஞ்சலகத்திலிருந்து எங்கள் வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தது ஒன்று. அவர் காதில் ரத்தம். பஞ்சு வைத்துக் கட்டிவிட்டேன். தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் கட்டுக்கம்பிகளைச் செருகிக்கொண்டு ஓட்டுங்கள், முள்ளம்பன்றி மாதிரி இருக்கும், ஆனால் கிட்டே வராது என்றேன். வசந்தத்தில் செய்ய வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு வருகிறது, அதுதான் ஆச்சரியம்.

நாக்குப் போட்டிக்கு இதுவரை நானூறு சீட்டு. எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள்: "உங்களுக்குத் தெரியாததா, எப்போ அறும்? காதோட சொல்லுங்க." ஊழியர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

விடுப்பு. ஸ்கீ போட்டுக்கொண்டு ஹாரோ குடிலுக்குப் போய்வந்தேன். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான் துணிச்சல் வந்தது. பிளேக்ஸ் ஓடை கண்ணுக்கே தெரியவில்லை, மேலே இரண்டாள் உயரத்துக்குப் பனி மூடியிருக்கிறது. அதன் மேலேயே நடந்து தாண்டினேன்.

புத்தகம் ஆணியில் தொங்குகிறது. போலீஸ் காட்டிய படத்தில் பார்த்த அதே வரி. "ஜூலை 12. கிளெம் ஹால்டேன், தனியாக. மேற்கு முகடு தாண்டி விக்டோரியா பக்கம். காலை 11." பேனா சரியாக எழுதாமல் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்திருக்கிறான். அந்தக் கிறுக்கல் படத்தில் தெரியவில்லை. விரலால் தடவினேன்.

பிறகு சும்மா முன்னும் பின்னும் புரட்டினேன். வடக்கு முகட்டுக்கு. மேற்கே. அடுத்த குடிலுக்கு. இரவு இங்கேயே. பக்கம் பக்கமாக அப்படித்தான். "வீட்டுக்குத் திரும்புகிறேன்" என்று ஒருவர்கூட எழுதவில்லை. எழுத மாட்டோம். நான் எழுதியதே இல்லை. மேலே போகிறவன்தான் எழுதுவான், திரும்புகிறவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவான். இந்த ஊர்ப் பழக்கம் அப்படி. கவுண்டரில் வருகிறவர்களிடம் வருடத்துக்கு ஆயிரம் தடவை சொல்கிறேன், "போகிற இடத்தைக் குடில் புத்தகத்தில் எழுதுங்கள்" என்று. திரும்பினால் எழுதுங்கள் என்று சொன்னதில்லை.

முகடு வரை போய், மேகத்தைப் பார்த்து, திரும்பியிருந்தால்? திரும்பிய வழியில் குடிலைத் தாண்டியிருப்பான். உள்ளே வந்து எழுதியிருக்க மாட்டான். அப்படியானால் எல்லாரும் தேடியது தப்பான பக்கம். இந்த ஊர்க்காரி எனக்கே பத்து வாரம் கழித்துத்தான் தோன்றுகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

டகனிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். ஜூலையிலேயே இந்தப் பக்கமும் ஹெலிகாப்டர் இரண்டு சுற்று பார்த்தது, ஒன்றும் தெரியவில்லை என்றார். நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் குடிலுக்கும் ஊருக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர், எத்தனை பள்ளம், எத்தனை ஓடை, எங்கே என்று தோண்டுவது?

"உருகட்டும்மா. பார்ப்போம்."

எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பள்ளி விடுமுறை தொடங்கி, வாசலில் வரிசை. இன்று நான் ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா என்று யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

ஒரு குடும்பம் எங்கே நடக்கலாம் என்று கேட்டது. வழக்கமாக ஏரிக்கரையைக் காட்டுவேன், சமதரை, கழிப்பறை உண்டு. இன்று வரைபடத்தில் பென்சிலால் வேறு கோடு போட்டேன், குடிலுக்குப் போகும் பக்கம், தெற்குப் பள்ளத்தில். பனி ஓரத்தில் உருகும் தண்ணீரிலேயே ஒரு வெள்ளைப் பூ பூக்கும், இந்த மலையில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றேன். அது பொய் இல்லை. அடுத்து வந்த இரண்டு பேருக்கு அதற்கு அடுத்த பள்ளம். அடுத்தவர்களுக்கு ஓடையின் கீழ்ப்பகுதி.

என் ஒருத்திக்கு இரண்டு கண்தான். இவர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு கண்.

அக்டோபர் 5, ஞாயிறு

குட்டை தாண்டல். அறுபத்தோரு பேர் இறங்கி ஒன்பது பேர் தாண்டினார்கள். வாத்து வேடம் போட்ட ஒரு தீயணைப்புக்காரர் குட்டை நடுவில் மூழ்கி, சிறகு மட்டும் மிதந்தது. எல்லா வருடமும் அந்தக் குட்டையை வண்டியால் வெட்டியது கிளெம். இந்த வருடம் வேறு யாரோ வெட்டினார்கள். விளிம்பு சரியில்லை.

ஒலிபெருக்கியில் நான்தான் பெயர் வாசித்தேன். ஒரு பெயரைக்கூடத் தவறவிடவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

லிஃப்ட் நின்று நான்கு நாள். ஊர் காலியாகிறது. ராத்திரி விளக்கைப் போட்டால் ஜன்னல் முழுக்க, வசந்தத்தில் கூட்டமாக மலைக்கு வரும் போகாங் விட்டில்கள்.

சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறவர்களிடம் படங்களைக் காட்டச் சொல்கிறேன். சந்தோஷமாகக் காட்டுகிறார்கள், இவ்வளவு அக்கறையா என்று. செல்பேசியை வாங்கி, அவர்கள் முகத்தைத் தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் பனியைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒரு கறுப்புப் புள்ளி கண்டு இன்னும் பெரிதாக்கினேன். பாறை. இன்னொன்று வளை தோண்டுகிற வொம்பாட் விலங்கு. ஒரு பெண்மணி தயங்கிக் கேட்டாள், "நீங்க எதையாவது தொலைச்சிட்டீங்களா?" கையுறை என்றேன்.

இவர்கள் காசு செலவழித்து ஓய்வெடுக்க வந்தவர்கள். இவர்களில் யாராவது கண்டுவிட்டால்? அதை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஃபிரேயா கனடா கிளம்பினாள். அதே மலை, கிளெமுக்கு வேலை வந்திருந்த அதே இடம். பேருந்து வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க போய் விசாரிக்கிறேன் மெரின். இருந்தா சொல்றேன்" என்றாள். நன்றி என்றேன். வீட்டுக்கு வந்து அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். பாவம், இருபத்து மூன்று வயது. என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வந்திருக்கும்.

அக்டோபர் 18, சனி

நாக்கு அறுந்தது. காலை 10.40. வாகா என்ற ஊரில் ஒரு பல் டாக்டர் ஜெயித்தார். ஃபோனில் கூத்தாடினார்.

அக்டோபர் 20, திங்கள்

விடுப்பு. காலை ஆறிலிருந்து மூன்று வரை நடந்தேன். முழங்கால் வரை சேறு. வடக்கு ஓடை இரண்டு கரையும் பார்த்தாகிவிட்டது. பிளேக்ஸ் ஓடையைத் தாண்டும் முதல் கடவு வரை போனேன், அதற்கு மேல் கால் வரவில்லை. உட்கார்ந்து கத்தினேன். பேர் சொல்லித்தான் கத்தினேன். இத்தனை நாள் கழித்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள். கேட்க யாரும் இல்லை.

இன்னும் ஒரு வாரம், பத்து நாள். பனி முழுக்கப் போய்விடும். அப்புறமும் இல்லையென்றால் இல்லைதான். நீ நிஜமாவே போயிட்டியாடா? போயிருந்தா ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? திட்டியாவது எழுதக் கூடாதா?

அக்டோபர் 23, வியாழன்

இரண்டரை மணி. கவுண்டரில் நான் மட்டும். தெல்மா கூமாவுக்குப் போயிருந்தாள்.

டப்போவிலிருந்து வந்த தம்பதி உள்ளே வந்தார்கள், மர்ரே, ஐலீன், எழுபது வயது இருக்கும். நேற்று லிஃப்டில் ஏறலாம் என்று வந்து ஏமாந்தவர்கள். நான்தான் ஆறுதலாக வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். பிளேக்ஸ் ஓடை ஓரமாக, இரண்டாவது கடவு வரை. திங்கட்கிழமை என் கால் போகாத இடம். எனக்குப் போக முடியவில்லை, அவர்களை அனுப்பினேன்.

அந்த அம்மாள் காலணி முழுக்க ஈரம், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவர் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மெதுவாக, என்னைப் பயமுறுத்திவிடக் கூடாது என்பது போலப் பேசினார்.

"நீங்க சொன்ன பூ இருந்துச்சும்மா. அதுக்குக் கொஞ்சம் மேல, அந்த ரெண்டாவது கடவுல, பனி உடைஞ்சு ஓடைக்குள்ள விழுந்து கிடக்கு. அதுக்குள்ள ஒரு ஆளு. ரொம்ப நாளாச்சு போல. அங்க போன் எடுக்கல. இந்த ஊர்ல எங்களுக்கு உங்களை மட்டுந்தான் தெரியும்."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தப் பக்கம்?" அவருக்குப் புரியவில்லை. ஓடைக்கு ஊர்ப் பக்கமா, குடில் பக்கமா என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"இந்தப் பக்கம்மா. இந்தக் கரையில ஏறப்போன மாதிரி."

டகனுக்கு ஃபோன் செய்தேன். கெட்டில் போட்டேன். இரண்டு பேருக்கும் தேநீர், நிறையச் சர்க்கரை. ஐலீன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் பெற்ற பிள்ளையோ, வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஆமாம் என்றேன். நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் இந்த அம்மாள் என்னைத் தேற்ற எழுந்து வருவாள், அதற்கு எனக்கு என்ன தகுதி? வேண்டுமென்றே இவர்களை அங்கே அனுப்பியவள் நான். இனி எந்தப் பூவைப் பார்த்தாலும் இவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

டகன் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

கிளெம்தான். டகன் இந்த முறை உட்கார்ந்து சொன்னார். முகடு வரை போயிருக்க வேண்டும், மேகம் இறங்கியதும் திரும்பியிருக்கிறான். குடிலைத் தாண்டி வந்திருக்கிறான், உள்ளே போகவில்லை. ஓடை மேல் பனிப்பாலம் உடைந்திருக்கிறது. தலையில் அடி, சீக்கிரம் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். ஸ்கீ இரண்டும் காலோடு இருந்தது. மதியம் மூன்று மணி போல இருக்கலாம். வண்டி நிறுத்தும் இடத்துக்கு அங்கிருந்து நாற்பது நிமிடம்.

"நீங்க சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும்" என்றார். கேட்டிருந்தாலும் செப்டம்பரில் அவன் மேல் இரண்டாள் உயரம் பனி. நானே அந்தப் பனி மேல் ஸ்கீ போட்டு நடந்து போனவள், போக ஒருமுறை, வர ஒருமுறை. அதை அவரிடம் சொல்லவில்லை.

மேகத்துக்குப் பயந்து திரும்பியிருக்கலாம். எனக்காகத் திரும்பியிருக்கலாம். இதை எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார்.

வால்டரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். கதவைத் திறந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் முழுக்கச் சொல்ல வைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார், எந்தக் கடவு, எந்தக் கரை, முகம் எந்தப் பக்கம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் கனடாவின் வரைபடம் ஒன்று விரித்துக் கிடந்தது, எங்கே வாங்கினாரோ.

"அப்ப அவன் உன்னை விட்டுப் போகல" என்றார். அந்த வரைபடத்தை மடித்துக்கொண்டே, "உனக்கு நிம்மதிதானேம்மா."

குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. நிம்மதிதான். அவர் பையன் செத்துப்போனது எனக்கு நிம்மதி. பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். தொடவிட்டார், அவ்வளவுதான்.

நவம்பர் 3, திங்கள்

வெள்ளிக்கிழமை அடக்கம். ஊர் முழுக்க வந்தது. ரொட்டிக்கடைக்காரர்கள் இரண்டு தட்டு நிறைய அனுப்பினார்கள், என் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். டப்போவிலிருந்து ஒரு அட்டை வந்தது, ஐலீன் கையெழுத்து. இன்னும் உள்ளே படிக்கவில்லை.

இன்று வேலைக்குப் போனேன். தெல்மா தாளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், குடிலிலிருந்து வீடு திரும்புகிறவர்களும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று. சேர்த்தேன். நூறு பிரதி எடுத்து அடுக்கினேன். மத்தியானம் ஒரு இளம் ஜோடி பூ எங்கே பார்க்கலாம் என்று கேட்டது, ஏரிக்கரையைக் காட்டினேன்.

ஒன்று மட்டும் இங்கேகூட எழுதாமல் வைத்திருந்தேன். டகன் கேட்கவில்லை, வால்டர் கேட்கவில்லை, யாருக்கும் கேட்கத் தோன்றாது. ஜூலை 12 சனிக்கிழமை, இருட்டியும் கிளெம் வரவில்லை. இந்த ஊரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை, நாங்களும் பதினாறு வருடத்தில் ஒருநாள்கூடப் பூட்டியதில்லை. அன்றைக்கு நான் பூட்டினேன். வந்தால் வாசலில் நின்று தட்டட்டும், குளிரட்டும் என்று. சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்துப் பூட்டினேன்.